காதைத் தொட்ட கை

மதுராந்தகம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் அப்பா துவக்கப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தார். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தாய்மார்கள் பிள்ளைகளை இடுப்பிலும் கையிலுமாகக் கொண்டுவந்து வராந்தாவில் நிற்பார்கள். பிறப்புச் சான்றிதழ் என்ற பேச்சே கிடையாது. அப்பா பிள்ளையைப் பார்த்துச் சொல்வார்: "வலது கையைத் தலைக்கு மேல கொண்டுபோயி இடது காதைத் தொடு பாக்கலாம்." விரல் காதைத் தொட்டால் ஐந்து வயது முடிந்தது. தொடாவிட்டால், "அடுத்த வருஷம் கூட்டிக்கிட்டு வாம்மா."

காதைத் தொட்ட பிள்ளைக்குப் பிறந்த தேதி ஒன்று வேண்டுமே. அதையும் அப்பாவே போடுவார். சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினால் ஊரில் பாதிப் பேர் மே, ஜூன் மாதங்களில் பிறந்திருப்பார்கள். நானும் ஜூன் ஒன்றாம் தேதிதான். மாசி மகத்துக்கு மறுநாள் பிறந்தவள் நான் என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். பதிவேடு என்னை ஒன்பது மாதம் மூத்தவளாக்கிவிட்டது. அதனால் எனக்கு நஷ்டம் ஒன்பது மாதச் சம்பளம். 2014 மே 31 அன்று ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதே பதிவேட்டில் இன்னொரு பக்கத்தில் இருந்த ஒருவனுக்கு நஷ்டம் பன்னிரண்டு வருஷம்.

1984-இல் நான் நன்னடத்தை அலுவலராக வேலைக்குச் சேர்ந்தேன். ஊர்க்காரர்கள் வாயில் 'பி.ஓ. அம்மா'. குற்றம் சாட்டப்பட்ட சிறுவனின் வீட்டுக்குப் போக வேண்டும். அப்பன் குடிக்கிறானா, அடுப்பு எரிகிறதா, பையன் எத்தனையாவது வகுப்பில் நின்றான், அக்கம்பக்கத்தார் என்ன சொல்கிறார்கள் என்று விசாரித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுத வேண்டும். முப்பது வருஷத்தில் நான் அதிகம் கேட்ட கேள்வி "ஏன் செஞ்சே?" என்பதாக இருக்கும் என்று நினைப்பீர்கள். அது இரண்டாவதுதான். முதல் கேள்வி எப்போதும், "வயசு என்ன?"

சிறுவர்களுக்கு ஆயுள் தண்டனை கொடுக்கலாமா என்று இன்றைக்கும் தொலைக்காட்சியில் வாதாடுகிறார்கள். நம் நாட்டில் அந்த விவாதத்துக்கு நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் வயதாகிறது. அது அத்தனையும் ஒரு எண்ணைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது. ஏழு, பன்னிரண்டு, பதினாலு, பதினாறு, பதினெட்டு என்று அந்த எண் நகர்ந்த கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

*

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை இருக்கிறது. கன்றுக்குட்டியைத் தேர்க்காலில் இட்ட மகனை அதே தேர்க்காலில் இட்ட அரசன். திருவாரூர்க் கதை நமக்கெல்லாம் பாலர் வகுப்பிலேயே தெரியும். அந்த இளவரசனுக்கு அப்போது என்ன வயது என்று மட்டும் எந்த வாத்தியாரும் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை.

கேட்ட ஒருவர் மகாபாரதத்தில் இருக்கிறார். மாண்டவிய முனிவர். செய்யாத திருட்டுக்காகக் கழுவில் ஏற்றப்பட்டவர். எமதர்மனிடம் போய், "எந்தப் பாவத்துக்கு இந்தத் தண்டனை?" என்று கேட்கிறார். சின்ன வயதில் பூச்சியைப் புல்லால் குத்தியதற்கு என்று பதில் வருகிறது. அறியாப் பருவத்தில் செய்ததற்கு இத்தனை பெரிய தண்டனையா என்று கொதித்து, எமனையே பூமியில் பிறக்கச் சபிக்கிறார். அந்தப் பிறவிதான் விதுரர். அதோடு அவர் விடவில்லை. பதினாலு வயதுக்குள் செய்வது பாவக் கணக்கில் சேராது என்று ஒரு விதியும் செய்கிறார். நான் படித்தவரை நம் கதைகளில் வயது வரம்பு போட்ட முதல் சட்டம் அதுதான்.

வெள்ளைக்காரன் கொண்டுவந்த சட்டம் அவ்வளவு தாராளமாக இல்லை. 1860-இல் வந்த இந்திய தண்டனைச் சட்டம் ஏழு வயதுக்குக் கீழே குற்றமே இல்லை என்றது. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை, செய்வதன் விளைவு புரியாத பிள்ளை என்றால் விட்டுவிடலாம் என்றது. பன்னிரண்டு முடிந்துவிட்டால் அவனும் பெரியவனும் ஒன்று. கொலை செய்தவனுக்குத் தூக்கு, இல்லையென்றால் தீவாந்தரம். எங்கள் பாட்டி தலைமுறை வரை 'தீவாந்தரம்' என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். கடல் தாண்டி அந்தமான். 1956 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் தீவாந்தரம் என்ற சொல் சட்டத்திலிருந்து போய் அந்த இடத்தில் 'ஆயுள் சிறை' வந்து உட்கார்ந்தது.

சின்னத் திருட்டுகளுக்கு வேறு வழி வைத்திருந்தார்கள். 1864-ஆம் ஆண்டின் கசையடிச் சட்டப்படி, மரண தண்டனைக்கு உரிய குற்றங்கள் தவிர மற்ற எதற்கும் சிறுவனைச் சிறைக்கு அனுப்பாமல் அடித்து அனுப்பிவிடலாம். அரசாங்கத்துக்குச் சோற்றுச் செலவு மிச்சம். அந்தத் தண்டனை நம் சட்டத்திலிருந்து முழுதாகப் போனது சுதந்திரத்துக்கும் பின்னால், 1955-இல்.

அடிக்கும் சிறைக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு இடம் வேண்டும் என்று தோன்றியதன் விளைவு 1876-இன் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம். சென்னை மாகாணத்துக்கான பள்ளி 1887-இல் செங்கல்பட்டில் திறந்தது. 1897-இல் சட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பையனை, சிறையில் அடைப்பதற்குப் பதிலாக மூன்று வருஷத்திலிருந்து ஏழு வருஷம் வரை அங்கே வைக்கலாம். பதினெட்டு வயதுக்கு மேல் வைக்கக் கூடாது. பெண் பிள்ளைகளைப் பற்றி அந்தச் சட்டம் பேசவே இல்லை.

செங்கல்பட்டில் அந்த இடத்துக்கு எத்தனையோ பெயர் மாறிவிட்டது. ரிஃபார்மேட்டரி, சர்டிஃபைடு ஸ்கூல், அப்ரூவ்டு ஸ்கூல், கடைசியில் அரசினர் சிறப்பு இல்லம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலும் ஆட்டோக்காரரிடம் 'சீர்திருத்தப் பள்ளி' என்றால்தான் வண்டி நகரும். என் சின்ன வயதில் அப்பா யாரையாவது மிரட்ட வேண்டுமென்றால், "செங்கல்பட்டுல கொண்டுபோய் விட்ருவேன்" என்பார். நான் அங்கே முதல் தடவை உள்ளே போனபோது மரத்தூள் வாசனை அடித்தது. பதிமூன்று வயதுப் பையன் ஒருவன் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு இழைப்புளி தள்ளிக்கொண்டிருந்தான். எதற்காக வந்தான் என்று கேட்கவில்லை. கோப்பில் இருந்தது.

*

எண் பெரிதாக நகர்ந்தது 1920-இல். அதற்கு முந்தைய வருஷம் இந்தியச் சிறைகளை ஆராய ஒரு குழு போட்டார்கள். தலைவர் அலெக்சாண்டர் கார்டியூ. சென்னை மாகாணத்தில் சிறைத் துறைத் தலைவராக இருந்தவர், 1919-இல் சில நாள் தற்காலிக ஆளுநராகவும் இருந்தார். சிறையை உள்ளிருந்து பார்த்த அதிகாரி என்பதால் அவருக்கு ஒன்று தெரிந்திருந்தது. பெரிய கைதிகளோடு ஒரு பையனைப் போட்டால் அவன் அங்கே படித்துவிட்டு வருவது என்ன என்பது. பிள்ளைகளைச் சிறைக்கே அனுப்பக் கூடாது, அவர்களுக்குத் தனி நீதிமன்றம் வேண்டும் என்று குழு சொன்னது.

அதே 1920-இல் சென்னை மாகாணம் தன் சிறுவர் சட்டத்தை இயற்றியது. இந்தியாவிலேயே முதல் சிறுவர் சட்டம் அதுதான். வங்காளம் 1922-இலும் பம்பாய் 1924-இலும் பின்னால் வந்தன. பதினாலுக்குக் கீழே குழந்தை, பதினாலிலிருந்து பதினாறு வரை இளையவர் என்று சென்னைச் சட்டம் பிரித்தது. இங்கிலாந்தின் 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்துத்தான் எழுதினார்கள். ஆனாலும் அந்தப் பதினாலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மாண்டவியர் ஞாபகம் வரும்.

பதினாறைத் தாண்டியவனை என்ன செய்வது? அதற்கு 1925-இன் போர்ஸ்டல் பள்ளிச் சட்டம் வந்தது. போர்ஸ்டல் என்பது இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஒரு கிராமத்தின் பெயர். அங்கே இளைஞர்களுக்கென்று வைத்த சிறையின் பெயரே முறைக்கும் பெயராகிவிட்டது. பதினாறிலிருந்து இருபத்தொன்று வரை உள்ளவர்களைச் சிறைக்குப் பதிலாக இரண்டு முதல் ஐந்து வருஷம் அங்கே வைக்கலாம். பாளையங்கோட்டையில் 1880-இல் கட்டிய மாவட்டச் சிறையை 1929 ஏப்ரலில் போர்ஸ்டல் பள்ளியாக மாற்றினார்கள். 1968 வரை அது பள்ளி. பிறகு மறுபடியும் சிறை. இன்றைக்கு நாம் பாளையங்கோட்டை மத்திய சிறை என்று சொல்லும் இடத்தில் முப்பத்தொன்பது வருஷம் பையன்கள் தொழில் கற்றார்கள்.

போர்ஸ்டல் சட்டத்தில் ஒரு முடிச்சு இருந்தது. கொலைக்குத் தண்டனைச் சட்டம் வைத்திருந்தது தூக்கு அல்லது ஆயுள், இரண்டுதான். இருபத்து மூன்று வயதில் போர்ஸ்டல் கதவு திறந்துவிடும். அப்படியானால் ஆயுள் தண்டனை பெற்று அங்கே அனுப்பப்பட்ட பையன் இருபத்து மூன்றில் வீட்டுக்குப் போகலாமா? நம் மாகாணச் சட்டத்தையே தன் சட்டமாக வைத்துக்கொண்டிருந்த ஆந்திரத்திலிருந்து இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1984-இல் பதில் வந்தது: போகலாம், மறுபடி சிறைக்கு மாற்ற முடியாது. ஆயுள் என்றால் எத்தனை வருஷம் என்ற கேள்விக்கு 1961-லேயே, கோபால் கோட்சே வழக்கில், அதே நீதிமன்றம் பதில் சொல்லியிருந்தது. மிச்சமிருக்கும் வாழ்நாள் முழுவதும். பதினாலு வருஷம் என்று டீக்கடையில் சொல்வதெல்லாம் அரசு மனம் வைத்துத் தள்ளுபடி கொடுத்தால்தான்.

*

இனி, பன்னிரண்டு வருஷம் இழந்த அந்தப் பையன் கதை. 1993 ஆகஸ்ட். வரப்புத் தகராறு. அப்பனும் சித்தப்பனும் கடப்பாரையோடு போக, பின்னாலேயே இவனும் போனான். எதிர்த்தரப்பில் ஒருவர் இறந்துபோனார். முதல் தகவல் அறிக்கையில் மூன்றாவது பெயர் இவனுடையது. வயது என்ற இடத்தில் காவல் நிலையத்தில் போட்டது 18.

அப்போது அமலில் இருந்தது 1986-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் என்று வந்த முதல் சட்டம் அது. பையன் என்றால் பதினாறு, பெண் என்றால் பதினெட்டு. அந்த வரம்புக்குள் இருந்தால் தூக்கும் இல்லை, சிறையும் இல்லை. ஒரு நாள் கூடினாலும் அமர்வு நீதிமன்றம், பெரியவர்களோடு சேர்த்து விசாரணை.

அம்மாக்காரி என்னிடம் சொன்னாள்: "பி.ஓ.ம்மா, நாகப்பட்டணத்துல பொயல் அடிச்சுதே, அந்த ஐப்பசி. கூரை ஒழுவுது, கீழ தண்ணி, முறத்து மேல போட்டு வச்சிருந்தேன் இவன." அந்தப் புயல் 1977 நவம்பர் 12. அவள் சொல்வது உண்மையானால் பையனுக்குப் பதினைந்து வயது ஒன்பது மாதம். வரம்புக்குள்.

நீதிமன்றம் பதிவேட்டைக் கேட்டது. பையன் படித்தது எந்தப் பள்ளி என்று கோப்பில் பார்த்ததும் எனக்குக் கை ஓடவில்லை. அப்பாவின் பள்ளி. அவர் ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. புதுத் தலைமையாசிரியர் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். காலிக்கோ அட்டை, செல்லரித்த ஓரம். 1982 ஜூலைச் சேர்க்கை. பெயருக்கு நேராக அப்பாவின் சாய்ந்த கையெழுத்தில்: 1-6-1977. அந்தக் கணக்கில் பையனுக்குப் பதினாறு முடிந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அன்று ராத்திரி அப்பாவிடம் கேட்டேன். சாப்பிட்டுவிட்டு ஈசிசேரில் சாய்ந்திருந்தார்.

"அப்பா, இந்தப் பிள்ளை கை காதைத் தொட்டுதா?"

பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "எண்பத்திரண்டு ஜூலைதானே பாப்பா? எம்.ஜி.ஆர். சத்துணவு ஆரம்பிச்ச மாசம். அந்த மாசம் சேர்ந்தது எல்லாம் சோத்துக்கு வந்த பிள்ளைங்க. அஞ்சு வயசு முடிஞ்சாத்தான் எடுக்கலாம். இவன் அம்மா அழுதா. கை தொடலை. நான் தொட்டுதுன்னு எழுதினேன்."

அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஒரு வேளைச் சோற்றுக்காகக் கூட்டிப் போட்ட ஐந்து மாதம்.

என் அறிக்கையில் தாயின் வாக்கையும், கிராமங்களில் சேர்க்கைத் தேதி போடும் வழக்கத்தையும் எழுதினேன். எலும்பு முதிர்ச்சிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எக்ஸ்ரே சொன்னது, பதினைந்துக்கு மேல் பதினேழுக்குள். எலும்புக்கு மாதக் கணக்கு தெரியாது. கடைசியில் அரசாங்கப் பதிவேடு என்பதால் பதிவேட்டின் தேதியே நின்றது. 1996-இல் மூவருக்கும் ஆயுள். பையனை வேலூர் மத்திய சிறைக்குக் கொண்டுபோனார்கள். போர்ஸ்டலுக்கு அனுப்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

*

அவன் உள்ளே இருக்கும்போது வெளியே எண் மறுபடி நகர்ந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கை பதினெட்டுக்குக் கீழ்ப்பட்டவர் எல்லோரும் குழந்தைகள் என்றது. அவர்கள் செய்த குற்றத்துக்கு மரண தண்டனையோ, விடுதலைக்கு வழியில்லாத ஆயுள் தண்டனையோ விதிக்கக் கூடாது என்று அதன் 37-ஆவது பிரிவு சொல்கிறது. இந்தியா 1992 டிசம்பரில் அதை ஏற்றது. எட்டு வருஷம் கழித்து, 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பையனுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோலப் பதினெட்டு என்று வைத்தார்கள். 2006-இல் செய்த திருத்தம் இன்னும் முக்கியம். குற்றம் நடந்த நாளில் பதினெட்டு ஆகவில்லை என்பதை எந்தக் கட்டத்திலும் சொல்லலாம், வழக்கு முடிந்து தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தாலும் சொல்லலாம்.

இலவச சட்ட உதவி வழக்கறிஞர் ஒருவர் 2007-இல் அவனுக்காக மனுப் போட்டார். புயலும் ஐப்பசியும் இப்போது தேவைப்படவில்லை. அப்பா எழுதிய அதே 1-6-1977 போதும். அந்தத் தேதிப்படியும் அவனுக்குப் பதினாறுதான். எந்த வரி அவனை உள்ளே அனுப்பியதோ அதே வரி 2008-இல் வெளியே கொண்டுவந்தது. இடையில் மாறியது சட்டத்தில் இருந்த எண் மட்டும்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 1994-இல் புனேயில் ஐந்து பெண்களும் இரண்டு குழந்தைகளும் கொல்லப்பட்ட வழக்கில் ஒருவனுக்கு மரண தண்டனை விதித்தார்கள். 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவனை விடுவித்தது. ராஜஸ்தான் கிராமத்துப் பள்ளிப் பதிவேட்டில் வேறு எழுத்துக்கூட்டலில் அவன் பெயர் இருந்தது. அதன்படி சம்பவத்தன்று அவனுக்குப் பன்னிரண்டரை வயது. இருபத்தெட்டு வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்துவிட்டான், அதில் பெரும்பகுதி தூக்கை எதிர்பார்த்து. 1994-இலேயே டேராடூனில் நடந்த கொலை வழக்கு ஒன்றில், குற்றவாளிக்கு அப்போது பதினாலுதான் என்று 2025 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. அவனுக்கும் முதலில் தூக்கு, பிறகு குடியரசுத் தலைவர் குறைத்த ஆயுள், மொத்தம் கால் நூற்றாண்டு. வங்கியில் கணக்கு வைத்திருந்தான், அதனால் பெரியவன் என்று விசாரணையின்போது எடுத்துக்கொண்டார்களாம்.

அமெரிக்காவின் கணக்கு இன்னும் பெரிது. உலகின் முதல் சிறுவர் நீதிமன்றங்களில் ஒன்றை 1899-இல் சிகாகோவில் திறந்த நாடு அது. அதே நாட்டில், 1953-இல் பிலடெல்பியாவில் பதினைந்து வயதில் உள்ளே போன ஒருவர் 2021 பிப்ரவரியில் வெளியே வந்தார். வயது எண்பத்து மூன்று. அறுபத்தெட்டு வருஷம். கொலை என்றால் சிறுவனுக்கும் கட்டாயமாக விடுதலையில்லா ஆயுள் என்ற விதி செல்லாது என்று அங்கே உச்ச நீதிமன்றம் சொன்னது 2012-இல். பழைய கைதிகளுக்கும் அது பொருந்தும் என்றது 2016-இல். குழந்தை உரிமை உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டும் இன்றுவரை அதை உறுதி செய்யாத நாடும் அதுதான்.

*

அமெரிக்கா அந்தப் பக்கம் நகர்ந்த அதே 2012-இல் நாம் இந்தப் பக்கம் நகரத் தொடங்கினோம். டிசம்பர் 16, டெல்லி. ஓடும் பேருந்தில் நடந்த அந்தக் கொடுமையில் கைதானவர்கள் ஆறு பேர். ஒருவனுக்குப் பதினெட்டு முடிய ஆறு மாதம் இருந்தது. அதைச் சொன்னதும் ஒரு பள்ளிப் பதிவேடுதான். 2013 ஆகஸ்ட் 31-இல் அவனுக்கு அன்றைய சட்டத்தின் உச்சபட்சமான மூன்று வருஷம் விதித்தார்கள். தூக்குத் தண்டனை பெற்ற நால்வரில் இன்னொருவனும் தான் அப்போது சிறுவன் என்று ஒரு பள்ளிச் சான்றிதழை வைத்துக்கொண்டு கடைசிவரை போராடினான். அது ஏற்கப்படவில்லை. 2020 மார்ச் 20-இல் நால்வரும் தூக்கிலிடப்பட்டார்கள்.

அந்த நாட்களில் நான் பஸ்ஸில் என் வேலையைச் சொல்ல பயந்தேன். "உங்கள மாதிரி ஆளுங்களாலதான் மேடம் இதெல்லாம்" என்றார் பக்கத்து வீட்டுப் பெண்மணி. அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் பயம் நிஜம்.

டெல்லிச் சம்பவத்தை அடுத்து அமைத்த நீதிபதி வர்மா குழு 2013 ஜனவரியில் கொடுத்த அறிக்கையில் வயதைக் குறைக்கப் பரிந்துரைக்கவில்லை. உச்ச நீதிமன்றமும் அந்த ஜூலையில் பதினெட்டைத் தொட மறுத்தது. ஆனால் தெரு வேறு மாதிரி பேசியது. அந்த டெல்லிப் பையன் 2015 டிசம்பர் 20-இல் வெளியே வந்தான். இரண்டே நாளில், டிசம்பர் 22-இல், மாநிலங்களவையில் புதுச் சட்டம் நிறைவேறியது. 2016 ஜனவரி 15 முதல் அமல்.

அந்தச் சட்டத்தின்படி, ஏழு வருஷத்துக்குக் குறையாத தண்டனைக்கு உரிய கொடுங்குற்றத்தைப் பதினாறு முடிந்த ஒருவன் செய்திருந்தால், சிறார் நீதிக் குழுமம் அவன் மனத்தை அளந்து பார்க்க வேண்டும். செய்யும் திறன் இருந்ததா, விளைவு புரிந்ததா என்று. நடுவர் ஒருவர், சமூகப் பணியாளர் இருவர், தேவைப்பட்டால் உளவியல் நிபுணர். மூன்று மாதத்துக்குள் முடிவு. புரிந்தது என்று அவர்கள் நினைத்தால் பெரியவர்களுக்கு உரிய விசாரணைக்கு அனுப்பலாம். நான் இதைப் படித்தபோது பள்ளி வராந்தாதான் கண்ணில் வந்தது. மனதின் கையைத் தலைக்கு மேல் சுற்றி வை, காதைத் தொடுகிறதா பார்க்கலாம் என்கிறார்கள். ஆறு மாதமோ எட்டு மாதமோ முன்னால், கோபத்திலோ போதையிலோ இருந்த ஒரு மனதை, மேசைக்கு எதிரே குளித்துத் தலைவாரி உட்கார்ந்திருக்கும் பையனிடம் அளப்பது எப்படி? முப்பது வருஷம் அந்த மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த எனக்குத் தெரியாது.

அந்தச் சட்டத்தில் 21-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சின்னப் பிரிவு. இப்படி அனுப்பப்பட்டவனுக்கும் மரண தண்டனை கிடையாது, விடுதலைக்கு வழியில்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது. ஆக, சிறுவனுக்கு ஆயுள் தண்டனை கூடுமா என்ற கேள்விக்கு நம் நாட்டின் இன்றைய பதில் இதுதான்: கூடும், ஆனால் சாவியைத் தூர எறியக் கூடாது.

*

வரப்புத் தகராறில் இறந்தவரின் மனைவியை நான் 1993-லேயே பார்த்தேன். என் அறிக்கைக்கு அவர் தேவையில்லை. இருந்தும் போனேன். தண்ணீர் கொடுத்தார். பிறகு கேட்டார்: "அவனுக்குப் பதினஞ்சா பதினாறான்னு தெருத்தெருவா கேக்கறியேம்மா, எம் வூட்டுக்காரருக்கு என்னா வயசுன்னு கேட்டியா?" முப்பத்தெட்டு. கேட்காமல் போனது என் தப்புதான். சிறுவர்களுக்காகப் பேசுகிற எங்களில் பலர் செய்கிற தப்பு அது. செத்தவருக்கும் வயது உண்டு என்பதை மறந்துவிட்டு இரக்கம் பேசினால் ஊர் அதைக் கேட்காது, கேட்கவும் வேண்டியதில்லை.

ஆனால் அவருடைய கேள்வியை நான் இத்தனை வருஷம் சுமந்து பார்த்ததில், அதற்கான பதில் பையனின் ஆயுளில் இல்லை. அவருக்கு அன்று வேண்டியிருந்தது நிலப் பட்டா, இரண்டு பிள்ளைகளின் படிப்பு, இனிமேல் கடப்பாரையோடு யாரும் வரமாட்டார்கள் என்ற நிச்சயம். பன்னிரண்டு வருஷச் சிறையில் இதில் ஒன்றும் அவருக்கு வந்து சேரவில்லை.

என் தீர்ப்பு இது. பதினெட்டுக்குக் கீழே தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செங்கல்பட்டுக்கும் போகட்டும், சில வருஷம் வீட்டைப் பார்க்காமல் இருக்கட்டும், செய்தது என்ன என்று தெரிந்துகொள்ளட்டும். ஆயுள் தண்டனை வேண்டாம். பதினாறில் வழக்கில் சிக்கியவனும் முப்பதில் வெளியே வந்தவனும் ஒரே ஆள் இல்லை என்பதை நான் கண்ணால் பார்த்தவள். முதலாமவனுக்கு விதித்ததை இரண்டாமவன்தான் அனுபவித்தான். நாம் போடுகிற எண்களும் வானத்திலிருந்து விழுந்தவை இல்லை. ஒரு நல்ல மனுஷர் சோற்றுக்காகக் கூட்டி எழுதிய ஐந்து மாதம், ஒரு பையனைப் பெரியவனாக்கியது. இவ்வளவு நடுங்குகிற கோட்டின் மேல் ஒரு ஆயுளை நிறுத்தி வைக்க முடியாது.

அவன் இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறான். பதிவேட்டின் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, லேமினேட் பண்ணி, வண்டியின் ஆர்.சி. புத்தகத்தோடு வைத்திருக்கிறான். எதற்கு என்று கேட்டதற்கு, "இருக்கட்டும் மேடம், எப்பவாவது கேப்பாங்க" என்றான்.

இன்னொரு கொடுமை நாளைக்கு நடக்கலாம். பதினாறைப் பதினாலாக்கு, 21-ஆவது பிரிவை எடு என்று யாராவது உங்களிடம் கையெழுத்துக் கேட்டு வரலாம். கோபத்தில் நியாயம் இருக்கும். போடுவதற்கு முன்னால் உங்கள் பள்ளிச் சான்றிதழை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் உள்ள பிறந்த தேதி யார் எழுதியது என்று வீட்டில் கேட்டுவிட்டு, பிறகு முடிவு செய்யுங்கள்.